கோயில் நடை சாத்தும் நேரத்தில் ஒரு நடை

மதுரையில் மத்தியானம் ஒரு மணிக்கு வாக்கிங் போகிறேன் என்று சொன்னால் யாரும் மெச்ச மாட்டார்கள். "வெயில் மண்டையப் பொளக்குது, உனக்கென்ன கிறுக்கா?" என்று என் மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. முதல் வாரம் நான் செய்ததெல்லாம் கிறுக்குத்தனம்தான். இப்போது நாலாவது வருடம் நடக்கிறது. காலையில் சமையல், சாயங்காலம் பிள்ளைகளின் டியூஷன் என்று ஓடுகிற எனக்கு, மதியச் சாப்பாட்டு வேளையைத் தவிர வேறு நேரம் இல்லை. அதே கதைதான் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கும். எங்கள் இருவருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது மாரியம்மன் தெப்பக்குளம்.

புதிதாக இந்தப் பக்கம் வேலைக்கோ படிக்கவோ வந்து, மதியம் அரை மணி நேரம் கிடைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு நடக்க முடிகிறவர்கள் அப்படியே நடங்கள். அதற்கு வழிகாட்டி எதுவும் வேண்டாம்.

எந்தக் குளம்?

இதில் குழம்பாதீர்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டு வெறுமனே "தெப்பக்குளம்" என்றால், டவுன் ஹால் ரோட்டில் கடைகளுக்கு நடுவே இருக்கும் பெருமாள் தெப்பக்குளத்தைக் காட்டிவிடக் கூடும். "வண்டியூர்" என்று மட்டும் சொன்னால் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் இருக்கும் வண்டியூர் கண்மாய்க்குப் போய்ச் சேருவீர்கள். கண்மாய் பெரிது, காற்றும் உண்டு. ஆனால் கரைமேல் உச்சி வெயிலில் ஒதுங்க இடம் கிடைப்பது கஷ்டம். அது காலை நடைக்கு. மதியத்துக்கு மாரியம்மன் தெப்பக்குளம்தான். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

சிலர் மீனாட்சியம்மன் கோயில் பிரகாரத்தில் நிழலாக நடக்கலாமே என்று யோசிப்பார்கள். நானும் யோசித்தேன். மதியம் 12.30க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அவர்கள் நடை சாத்திய பிறகுதான் நம் நடை தொடங்குகிறது, என்ன செய்ய.

திருமலை நாயக்கர் இந்தத் தெப்பக்குளத்தை 1645இல் கட்டினார். மகால் கட்டுவதற்கு இங்கேதான் மண் எடுத்தார்கள், அந்தப் பள்ளத்தைத்தான் பிறகு குளமாக்கினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. மகால் கட்டியது 1636 என்பதால் கணக்கு ஒத்துத்தான் போகிறது. அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். ஒரு குறுணி ஆறு படி. விநாயகர் சதுர்த்திக்கு முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை. சாப்பிட்டுவிட்டு நடக்கிறவர்களுக்கு இது பொருத்தமான கதை.

நமக்கு வேண்டிய கணக்கு வேறு. குளம் ஒரு பக்கம் 1000 அடி, இன்னொரு பக்கம் 950 அடி. நாலு பக்கமும் சேர்த்து 3900 அடி, கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். நாம் சுவருக்கு வெளியே நடப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். பேசிக்கொண்டே நடந்தால் ஒரு சுற்றுக்கு 18 முதல் 20 நிமிடம். மதிய இடைவேளைக்கு அளந்து வெட்டிய மாதிரி ஒரு சுற்று. இரண்டாவது சுற்றுக்கு ஆசைப்படாதீர்கள்.

ஆள் பிடிப்பது

தனியாகவும் நடக்கலாம். ஆனால் மதிய நடை தனியாக நிலைக்காது. ஃபேன் காற்று ஒரு பக்கம், உண்ட களைப்பு ஒரு பக்கம். எதிரே ஒரு ஆள் குடையோடு காத்திருக்கிறார் என்ற எண்ணம்தான் நாற்காலியிலிருந்து எழுப்பும்.

ரொம்ப நெருங்கிய தோழியைத் தேடாதீர்கள். இடைவேளை உங்களுக்கு எப்போதோ அவருக்கும் அப்போதே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரே அலுவலகத்து ஆள் என்றால் பேச்சு முழுக்க மேனேஜரைப் பற்றியே போய்விடும். திரும்பி வந்து உட்காரும்போது போனதைவிட அதிகக் கடுப்போடு உட்காருவீர்கள். எங்கள் இருவருக்கும் வேறு வேறு அலுவலகம் என்பதால் தப்பித்தோம்.

நாங்கள் பேசி வைத்துக்கொண்டவை கொஞ்சம்தான். 1.15க்கு ஒரு மிஸ்டு கால். வருகிறேன் என்று அர்த்தம். ஐந்து நிமிடம் காத்திருப்பது, வராவிட்டால் கோபிக்காமல் கிளம்பிவிடுவது. மெதுவாக நடப்பவரின் வேகம்தான் இருவருக்கும் வேகம். அக்காவுக்கு என்னைவிடப் பதினொரு வயது அதிகம், முட்டி வலி உண்டு. முதல் மாதம் நான் முன்னால் ஓடி ஓடி நின்றேன். "நீ போயிட்டு வா, நான் இங்கிட்டே நிக்கிறேன்" என்று ஒருநாள் அவர் நின்றே விட்டார். அன்றிலிருந்து அவர் காலைப் பார்த்து நடக்கிறேன்.

வழியில் குடிக்கும் மோருக்கு முறை வைத்துக்கொள்வதும் நல்லது. இன்று நீங்கள் கொடுத்தால் நாளை அவர். பத்து இருபது ரூபாய்தான், ஆனாலும் அதில் மனசு முறிந்து நின்றுபோன நடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நிழலைக் கணக்குப் போடுவது

இதைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வருடம் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டோம்.

முதலில், மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு இல்லை. பெரும்பாலான நாட்களில் 12.15ஐ ஒட்டித்தான் வரும். நாம் நடக்கப் போகும் 1.20க்கு சூரியன் உச்சியைத் தாண்டி மேற்கே சாய ஆரம்பித்திருக்கும். ஆகவே நிழல் எப்போதும் கொஞ்சமாவது கிழக்கே விழும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி மாதத்தைப் பொறுத்தது. மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கி நிற்கும், நிழல் வடக்கே நீளும். தென்கரை ரோட்டில் கட்டடங்கள் ரோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அவற்றின் நிழல் நம் பக்கம்தான் விழும். 20 அடி உயர மாடி வீடு என்றால் அந்த நேரத்தில் ரோட்டை நோக்கி 13 அடி நிழல். இரண்டு பேர் தாராளமாகப் பக்கம் பக்கமாக நடக்கலாம். கார்த்திகையிலிருந்து தை கடைசி வரை தென்கரைதான் எங்களுக்குச் சொர்க்கம்.

சித்திரை பிறக்கும்போது கதை மாறும். ஏப்ரல் நடுவில் ஒன்றிரண்டு நாள் மதுரையில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வரும். உச்சிப்பொழுதில் கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. ஆகஸ்ட் கடைசியிலும் இதேபோல் ஒருமுறை வரும். அந்த நாட்களில் 1.20க்கு தென்கரையில் நிழலே கிடையாது. மேற்குக் கரையில் கட்டடத்தை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு ஒரு பட்டை விழும், அவ்வளவுதான். ஆனியில் சூரியன் வடக்கே போய்விடுவதால் வடகரையிலும் அதேபோல் ஒரு ஐந்தடிப் பட்டை கிடைக்கும்.

கீழ்க்கரையில் மட்டும் எந்த மாதத்திலும் கட்டட நிழல் ரோட்டில் விழாது. மதியத்துக்கு மேல் நிழல் கிழக்கே போகும், கட்டடமும் கிழக்கே இருக்கிறது; நமக்கு எங்கிருந்து மிஞ்சும்? அங்கே மரம் இருந்தால் மரம், இல்லாவிட்டால் குடை.

இதனால்தான் நாங்கள் வடமேற்கு மூலையில் தொடங்கி வலமாகச் சுற்றுகிறோம். வடகரை, கீழ்க்கரை, தென்கரை, கடைசியாக மேற்குக் கரை. கொதிக்கிற கீழ்க்கரை முதல் பாதியிலேயே முடிந்துவிடும். களைப்பு தட்டும்போது தென்கரை நிழல் வந்துவிடும்.

வலம் வருவதில் இன்னொரு வசதியும் உண்டு. குளம் வலக்கைப் பக்கம் இருக்கும். குளத்தை ஒட்டி நடந்தால் நமக்குப் பக்கத்தில் ஓடும் வண்டிகள் எதிரே வருபவையாக இருக்கும். முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஹாரன் அடித்துத் தூக்கிவாரிப் போடாது. தென்கரையில் நிழலுக்காக ரோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் போகும்போது மட்டும் இது தலைகீழாகிவிடும். வண்டி பின்னாலிருந்து வரும். அங்கே ஒருவர் பின் ஒருவராக, பேச்சை நிறுத்திவிட்டு, சூதானமாக நடக்க வேண்டும். அக்கா முன்னால், நான் பின்னால்.

ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது

ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, கால் மணி நேரத்தில் முடிப்போம். முதலில் நடந்துவிட்டு வந்து சாப்பிட்டுப் பார்த்தோம். பசியோடு வெயிலில் போனதில் இருவருக்கும் தலைவலிதான் மிச்சம். சாப்பிட்ட பிறகு மெதுவாக நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருக்கும் என்பது டாக்டர்களும் சொல்வது. அக்காவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் எங்களுக்கு அந்த வரிசைதான் சரி. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பையில் நாலு மிட்டாய் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நடை நாட்களில் சாப்பாட்டை முக்கால் வயிற்றோடு நிறுத்த வேண்டும். தயிர்சாதமும் ஊறுகாயும் சரியாக இருக்கும். புளிசாதமும் அப்பளமும் ஒருநாள் கொண்டுபோனேன். கீழ்க்கரை முழுக்கத் தண்ணீர் தண்ணீர் என்று தவித்தேன். முந்தின இரவு மீந்த பிரியாணி கொண்டுவந்த நாளைப் பற்றிப் பேச வேண்டாம்.

1.20க்கு குளத்தங்கரை, 1.40க்குச் சுற்று முடிவு, 1.50க்கு முகம் கழுவி நாற்காலியில். நடுவில் பத்து நிமிடம் மிச்சம் இருக்கிற மாதிரித் தோன்றும். அதை மிச்சமாகவே விடுங்கள். வேர்வையோடு ஏசி அறைக்குள் நேராக நுழைந்தால் எனக்குத் தும்மல்தான். ஐந்து நிமிடம் படிக்கட்டில் நின்று ஆற வேண்டும்.

கையில் என்ன, காலில் என்ன

குடை ஆளுக்கு ஒன்று. ஒரே குடையில் இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கும் பாதி வெயில். அது போக, யார் பிடிப்பது என்று கை வலிக்கும். வெளிப்பக்கம் வெள்ளி பூசிய குடை பரவாயில்லை. மழைக்கு என்று வாங்கிய மெல்லிய கலர் குடை வெயிலைத் தாங்காது.

செருப்பு விஷயத்தில் அனுபவித்துச் சொல்கிறேன். பசை போட்டு ஒட்டிய புதுச் செருப்போடு ஒரு பங்குனி மதியம் போனேன். கீழ்க்கரை தார் ரோட்டின் சூட்டில் பசை இளகி, அடிப்பாகம் வாயைத் திறந்துகொண்டது. ஒற்றைக் காலைத் தேய்த்துத் தேய்த்து அலுவலகம் வந்து சேர்ந்தேன். கடைக்காரரிடம் கேட்டால், "வெயில்ல ஏம்மா போட்டுட்டுப் போனீங்க?" என்கிறார். செருப்பை வேறெங்கே போட்டுக்கொண்டு போவது? தையல் போட்ட, பின்பக்கம் வார் உள்ள செருப்பாக வாங்குங்கள்.

துணி பருத்தியாக இருக்க வேண்டும். சேலை கட்டுகிறவர்களுக்கு நம் ஊர்ச் சுங்குடியை மிஞ்சியது கிடையாது. லேசு, வேர்வையை உறிஞ்சும், கசங்கினாலும் தெரியாது. துப்பட்டா இருந்தால் குடைக்குள்ளும் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். பிடரியில் வெயில் படுவதுதான் முதலில் ஆளைச் சாய்க்கும் என்பது அக்காவின் சித்தாந்தம்.

தண்ணீர் கிளம்பும் முன்பே ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அரை லிட்டர் பாட்டில் கையில். திரும்பும்போது மோர், இளநீர், எலுமிச்சை அல்லது நன்னாரி சர்பத். பங்குனி தொடங்கினால் நுங்கு வண்டி வந்துவிடும். ஜிகர்தண்டா வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனால் பாலும் கடல்பாசியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அது ஒரு சாப்பாட்டுக்குச் சமம். சாப்பிட்ட கையோடு அதையும் குடித்துவிட்டு மதியம் வேலை பார்க்க முடியாது. சம்பள நாளில் மட்டும், சாயங்காலம்.

முதல் இரண்டு வாரம்

கார்த்திகையில் தொடங்குங்கள். நடுநடுவே மழை குறுக்கிட்டாலும் வெயில் தணிந்திருக்கும். அப்போதிருந்து பழகினால் மாசி வரும்போது உடம்பு தானாக ஈடுகொடுக்கும். நான் பங்குனியில் தொடங்கினேன். மூன்றாம் நாள் கீழ்க்கரையில் கண் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். யாரென்றே தெரியாத ஒரு பாட்டி சொம்பில் தண்ணீர் கொடுத்து, "ஏம்மா, ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார். மேலமாசி வீதியில் பிறந்து வளர்ந்தவள் நான்!

முதல் வாரம் முழுச் சுற்று வேண்டாம். வடகரை வரை போய்த் திரும்புங்கள், பத்து நிமிடம் போதும். இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் முழுச் சுற்று. இதற்கு மேல் திட்டம் தேவையில்லை.

தலை சுற்றுவது, குமட்டுவது, வெயிலிலும் உடம்பு சில்லிட்டுப் புல்லரிப்பது, இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி, வாய்க்கு மடக்கு மடக்காகத் தண்ணீர். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ யோசிக்காமல் 108க்குப் போன். கூட ஒரு ஆள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தனக்குத் தலை சுற்றுவதைத் தான் ஒத்துக்கொள்ளும் ஆள் குறைவு. "முகம் வெளுத்திருக்கு, உட்காரு" என்று சொல்ல இன்னொருவர் வேண்டும்.

சுற்றும்போது

மையமண்டபத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். பல வருடம் வறண்டு கிடந்து, பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிய குளம் இது. இப்போது வைகையிலிருந்து கால்வாய் வழியாக வந்து நிறையும் தண்ணீரைப் பார்க்கும்போது, சின்ன வயதில் அதன் நடுவே ஓடியாடிய எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. தண்ணீர் நிறைந்திருந்தால் காற்று கொஞ்சம் குளிர்ந்து வருகிறது என்று எங்களுக்குத் தோன்றும். வெறும் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம்.

மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமல், நின்றபடியே ஒரு கும்பிடு. உச்சி வெயிலில் கல்தரையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். செவ்வாய், வெள்ளியில் கூட்டமும் வண்டிகளும் அதிகம். அந்த நாட்களில் கோயில் பக்கம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தியாகராசர் கல்லூரி விடும் நேரமும் அப்படித்தான்.

மதியம் நாய்கள் வண்டிகளுக்கு அடியில் படுத்துத் தூங்கும். நம்மை ஒன்றும் செய்யாது, அதன் நிழலில் நாம் பங்கு கேட்காதவரை. நின்றிருக்கும் லாரியின் நிழலுக்கு ஒதுங்கும் முன் கீழே குனிந்து பாருங்கள்.

போன் பேசக் கூடாது என்று சட்டம் போடவில்லை. ஆனால் ஒருவர் பேசும்போது இன்னொருவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். எங்களிடம் பேச்சுக்கு என்றும் பஞ்சம் வந்ததில்லை. அக்காவின் மகளுக்கு வரன் பார்த்தது முழுக்க இந்தக் கரையில்தான். வடகரையில் ஜாதகம் எடுத்து, தென்கரைக்கு வருவதற்குள் வேண்டாம் என்று முடிவான வரன்கள் நாலைந்து இருக்கும்.

நிறுத்த வேண்டிய நாட்கள்

எங்கள் கணக்கு இது: போனில் 36 டிகிரி காட்டினால் பாதிச் சுற்று, 38 காட்டினால் லீவு. மே முதல் வாரத்தில் தொடங்கும் அக்னி நட்சத்திரம் முடியும்வரை குளத்துப் பக்கமே போவதில்லை. அந்த நாட்களில் அலுவலகப் படிக்கட்டில் ஏறி இறங்குவோம், அவர் கட்டடத்தில் ஒருநாள், என் கட்டடத்தில் ஒருநாள். அதில் சுகமில்லை, ஆனால் பழக்கம் விட்டுப்போகாது. ஒரு வருடம் அதையும் விட்டோம். அப்புறம் திரும்பத் தொடங்க ஆடி ஆனது, ஆடிக்காற்றில் தெருப்புழுதி முழுக்கக் கண்ணில்.

தைப்பூசத்தை ஒட்டி வரும் தெப்பத்திருவிழா அன்று நடப்பதை மறந்துவிடுங்கள். அம்மனும் சுவாமியும் கோயிலை விட்டு இங்கே வந்துவிடுவார்கள். கரையில் ஜனங்கள் வடம் பிடித்து இழுக்க, மையமண்டபத்தைச் சுற்றித் தெப்பம் வரும். நாலு கரையிலும் கால் வைக்க இடம் இருக்காது. அன்று மீனாட்சியம்மன் கோயிலிலும் நடை சாத்தியிருக்கும். நாங்களும் வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்போம், அக்கா தன் பேத்தியோடு, நான் என் மாமியாரோடு.